மாத்திரை இல்லாத வாரத்தில் பினாங்கு

பினாங்கு விமான நிலையத்தில் பெட்டிகளுக்காகக் காத்திருந்தபோது என் மனைவி கமலவேணி, பேத்தி யாழினியின் காலுறைகளைக் கேட்டு வாங்கித் தன் கைகளில் மாட்டிக்கொண்டாள். இளஞ்சிவப்பு நிறம், முயல் படம் போட்டது. அந்தக் கூடத்தில் குளிர்சாதனம் அப்படி வீசியது. ஆனாலும் சுற்றிலும் ஆட்கள். மகள் சுகன்யாவும் மாப்பிள்ளை ரமேஷும் பக்கத்தில் நிற்கிறார்கள்.

"கழட்டு அதை. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?" என்றேன்.

"இங்க நம்மளத் தெரிஞ்சவங்க யாருங்க இருக்கறாங்க?"

"மாப்பிள்ளை இருக்காரில்ல?"

மறுபேச்சில்லாமல் கழற்றினாள். கைகளைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள். குளிர் பொறுக்காதவள் என்று நினைத்துக்கொண்டு நான் பெட்டியைத் தேடப் போனேன்.

சூலூரில் எங்கள் வீடு. நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற ஆண்டு கமலவேணியின் பெருங்குடலில் கட்டி இருப்பது தெரிந்து அறுத்து எடுத்தார்கள். எங்காவது மிச்சம் இருந்தால் அதுவும் அழியட்டும் என்று கீமோ. மூன்று வாரம் ஒரு சுற்று. முதல் நாள் கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசி மருந்து ஏற்றுவார்கள். பிறகு இரண்டு வாரம் வீட்டில் மாத்திரை. மூன்றாவது வாரம் ஒன்றும் கிடையாது. இப்படி எட்டுச் சுற்று. ஐந்து முடிந்திருந்தது. இந்த மருந்துக்கு முடி அவ்வளவாகக் கொட்டாது. அதனால் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அவளுடைய கொண்டையைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கறா" என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் நானும் அதையே சொல்லத் தொடங்கியிருந்தேன்.

பினாங்குப் பயணம், கட்டி இருப்பது தெரிவதற்கு முன்பே மகளும் மாப்பிள்ளையும் போட்ட திட்டம். ரத்து செய்துவிடலாம் என்றேன். அடுப்படியில் இருந்த கமலவேணி வெளியே வந்து, "நான் போகோணும்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதையும் இப்படி நின்று கேட்டதில்லை.

டாக்டரம்மாவிடம் கேட்டோம். மாத்திரை இல்லாத வாரத்தில் போகலாம் என்றார். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்க வேண்டும், பச்சையாக எதையும் தின்னக் கூடாது, காய்ச்சல் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடைசியாக, வழக்கம்போல, அவளைப் பார்த்துக் கேட்டார்.

"கை, கால் விரல்ல மரமரப்பு ஏதாவது இருக்காம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர்" என்றேன் நான்.

இருந்தது. மூன்றாவது சுற்றிலிருந்தே இருந்தது. சேலைக்கு ஊக்குக் குத்த முடியவில்லை என்றும், சூடான பாத்திரத்தைத் தொட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுடுகிறது என்றும் அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். நான் படித்தவன். இணையத்தில் தேடிப் பார்த்தேன். மரமரப்பு அதிகமானால் டாக்டர்கள் ஊசி மருந்தைக் குறைப்பார்கள், நிறுத்தவும் செய்வார்கள் என்று இருந்தது. குறைக்காமல் விட்டால் விரல்களின் உணர்வு திரும்பாமலே போகலாம் என்பதும் அதே பக்கத்தில், அடுத்த வரியில் இருந்தது. நான் முதல் வரிக்குப் பயந்தேன். எட்டும் முழுதாக முடிய வேண்டும், கட்டி மறுபடி தலைகாட்டக் கூடாது, விரல் போனால் போகட்டும் என்று முடிவு செய்தேன். விரல் என்னுடையது அல்ல.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆண் பேசுவான், பெண் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வயிற்றுவலி அவளுக்கு இருக்கும், எங்கே வலிக்கிறது என்று இவன் சொல்வான். அந்த வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது.

முதல் நாள் ஜார்ஜ் டவுனில் சுற்றினோம். பழைய கடைவீதி. வீடுகளின் முன்பக்கமே வளைவு வளைவாக நடைபாதை. வெயிலும் மழையும் படாமல் தெருக்கோடி வரை போகலாம். சாலையைக் கடக்க நின்றால் கார்கள் நின்றுவிடுகின்றன. முதல் தடவை எங்களுக்காக ஒரு கார் நின்றபோது, "அந்தாளு எதுக்குங்க நிக்கறான்? நம்மகிட்ட வழி கேக்கறானாட்ட இருக்குது" என்று கமலவேணி குனிந்து பார்த்தாள். சூலூர் பிரிவில் பாதி வாழ்நாளை எதிர்ப்பக்கம் போகக் காத்து நின்றே கழித்தவள் அவள்.

தமிழ்க் கடைகள் உள்ள தெருவில் தோசை சாப்பிட்டோம். பரிமாறிய பெரியவர், "எந்த ஊரு நீங்க?" என்றார். கோயமுத்தூர் என்றேன். "அது மெட்ராஸ் பக்கத்துலயா?" என்றார். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. "திருப்பூர் பக்கத்துலங்க" என்றார் விட்டுக்கொடுக்காமல். பெரியவரின் முகம் மலர்ந்தது, அந்த ஊர் வழக்கப்படி 'லா' போட்டுச் சொன்னார். "ஆ, திருப்பூரு! அது தெரியும் லா. பனியன்!" அன்று முழுக்க மாப்பிள்ளை கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார்.

சாயங்காலம் பேருந்தில் திரும்பலாம் என்று சொன்னது நான். வழித்தட எண்ணைப் படித்து ஏற்றிவிட்டதும் நான். எண் சரி, திசைதான் தவறு. பேருந்துக்குள் மார்கழிக் குளிர். உட்கார இடமில்லை. கமலவேணி கம்பியைப் பிடித்தாள், உடனே விட்டாள். மறுபடி பிடித்தாள், விட்டாள்.

"கம்பியப் புடிச்சு நில்லு" என்றேன்.

"கரண்டு அடிக்கறாப்பல இருக்குதுங்க."

"இரும்புக் கம்பியில எங்கிருந்து கரண்டு வரும்?"

பேருந்து திரும்பியது. அவள் தடுமாறி ஒரு மலாய்ப் பெண்மணியின் மடியில் விழாத குறையாகச் சாய்ந்தாள். அந்தம்மா எழுந்து இடம் கொடுத்து, என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பின்னால் நின்ற தமிழ்ப் பெண் எங்களுக்கு மொழிபெயர்த்தாள்: "'அந்த அம்மா உட்காரட்டும், தாத்தாவுக்கு வாய் நல்லா இருக்கு, அதனால காலும் நல்லாத்தான் இருக்கும்'னு சொல்றாங்க." யாழினி அதை இரவுச் சாப்பாடு வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். மீன்பிடிப் படகுகள் நிற்கும் துறை. வேறு வழியில்லாமல் அங்கேயே ஒரு கடையில் கொதிக்கக் கொதிக்க நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம். நாள் முழுக்க எதையும் கொறித்துவிட்டுத் தள்ளிவைத்த கமலவேணி, அந்தத் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். "காரம் பத்தாது. ஆனா நல்ல சூடு" என்றாள். தவறான பேருந்தில் ஏற்றிவிட்டதற்கு நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

மறுநாள் பினாங்கு மலைக்கு ரயிலில் ஏறினோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகிற ரயில் பல்சக்கரத்தால் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு, இடையிடையே தண்ணீர் குடித்துக்கொண்டு ஏறும். இங்கே வடத்தில் கட்டிக் கிணற்று வாளியைச் சேந்துவதுபோல் இழுத்துவிடுகிறார்கள். காது அடைத்துத் திறப்பதற்குள் உச்சி வந்துவிட்டது. நான் யாழினிக்கு வடத்தின் இழுவிசையை விளக்கத் தொடங்கினேன். "அப்புச்சி, கீழ பாருங்க, கடல்!" என்று என் வாயைப் பொத்தினாள்.

கமலவேணி தடுப்புக் கம்பியிலிருந்து ஒரு முழம் தள்ளியே நின்று கடலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அன்று அவள் முகத்தைப் பார்த்தபோது, இவளை அழைத்து வந்தது நல்ல காரியம் என்று பெருமையாக இருந்தது. அழைத்து வந்தது நான் இல்லை என்பதை மறந்துபோனேன்.

மலையிறங்கிய மதியம் வெயில் கொளுத்தியது. ஒரு சந்து முனையில் செண்டோல் கடை. தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, பச்சை நிறத்தில் புழு மாதிரி நெளியும் மாவு, அதன்மேல் குவியலாகச் சீவிய ஐஸ். வரிசையில் நின்ற மாப்பிள்ளை திரும்பி, "அத்தைக்கும் ஒண்ணுங்களா மாமா?" என்று கேட்டார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. அவளுக்கு ஐஸுன்னா உசுரு."

அது பழைய கமலவேணி. கோயமுத்தூருக்குத் துணி எடுக்கப் போனால் ஐஸ்கிரீம் வாங்கித் தராமல் பேருந்து ஏற மாட்டாள். இந்த ஐந்து சுற்றுக் காலத்தில் அவள் குளிர்ந்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை என்பது என் கண்முன்னே நடந்தும் என் கண்ணில் படவில்லை.

மாப்பிள்ளை கோப்பையை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். மாப்பிள்ளை கையால் கொடுப்பதை வேண்டாமென்று சொல்லும் மாமியார் எங்கள் பக்கத்தில் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான், "குடி, கரைஞ்சு போயிரும்" என்றேன். வாங்கினாள். கோப்பை கையில் நிற்கவில்லை, உள்ளங்கைகளுக்கு நடுவே அணைத்துக்கொண்டாள். ஒரு கரண்டி விழுங்கினாள்.

கோப்பை கீழே விழுந்தது. இரண்டு கைகளும் தொண்டைக்குப் போயின. வாய் திறந்திருந்தது, மூச்சு வருகிறதா போகிறதா தெரியவில்லை. கண்கள் பிதுங்கி என்னையே பார்த்தன. "அம்மா! அம்மா!" என்று சுகன்யா கத்தினாள். நான் முதுகில் தட்டினேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் தவறு.

பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பாட்டி எழுந்து வந்து என் கையைத் தட்டிவிட்டார். தன் பையிலிருந்து பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றி, கமலவேணியின் உதட்டில் வைத்து, சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். அதற்குள் சுகன்யா கோயமுத்தூர் ஆஸ்பத்திரியைப் போனில் பிடித்துவிட்டாள். நர்ஸின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"ஐஸ் குடுத்தீங்களா? ஐயோ, இந்த மருந்துக்குச் சில்லுன்னு எதுவுமே ஆகாதுன்னு முதல் நாளே சொன்னமே! மூச்சு அடைக்கிற மாதிரி இருக்கும், ஆனா அடைக்காது. பயப்பட வேண்டாம். சூடா ஏதாவது குடுங்க. கைய வெதுவெதுப்பா வைங்க. சரியாகலைன்னா உடனே அங்க பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

சரியானது. கமலவேணியின் மூச்சு மெல்ல ஒழுங்குக்கு வந்தது. சீனப் பாட்டி எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நீளமாக ஏதோ திட்டினார். கடைக்காரர் ஆங்கிலத்தில் சொன்னார்: "வயிற்றுக்குள்ளே எதற்கு ஐஸ் என்று கேட்கிறார். என் கடை வாசலில் தினமும் உட்கார்ந்து இதையேதான் எல்லோரிடமும் கேட்கிறார்." கமலவேணிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

"அப்பா, முதல் நாளே சொன்னாங்களாமே? நீங்கதானே கூட இருந்தீங்க?" என்றாள் சுகன்யா.

இருந்தேன். நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் போனில், வெள்ளகோவிலில் நடக்கவிருந்த ஒரு கல்யாணத்துக்கு யார் காரில் யார் போவது என்று பேசிக்கொண்டிருந்தேன். மகளிடம், "மறந்துபோச்சு கண்ணு" என்றேன். பொய். கேட்டால்தானே மறப்பதற்கு.

"எம்பேர்லதான் தப்புங்க அத்தை" என்று மாப்பிள்ளை கலங்கிப்போய் நின்றார். "அட, நீங்க என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளை, நான் சொல்லியிருக்கோணும்" என்று கமலவேணி அவரைத் தேற்றினாள். தொண்டை இன்னும் கரகரத்தது.

மூன்றாம் நாள் விடுதியை விட்டு யாரும் வெளியே போகவில்லை. காய்ச்சல் இல்லை. நன்றாகத்தான் இருந்தாள். பேத்தி இரண்டு ஜோடிக் காலுறைகளை அவளுக்கே கொடுத்துவிட்டாள். அவற்றை மாட்டிக்கொண்டு அவள் சீட்டாடினாள். சீட்டைப் பிரிக்க முடியாமல் கட்டாக மேசையில் போட்டபோது யாழினி, "அம்மாயி ஏமாத்தறாங்க!" என்று கத்தினாள். "விரலு சொன்ன பேச்சுக் கேக்க மாட்டீங்குது சாமி" என்று பாட்டி சிரித்தாள். சுகன்யா தலை நிமிர்ந்து அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

நான்காம் நாள் பட்டர்வொர்த்துக்குப் போகும் படகில் ஏறினோம். தீவுக்கும் அக்கரைக்கும் நடுவே சும்மா போய்த் திரும்பலாம். கமலவேணி ஆசைப்பட்டது இதற்குத்தான்: கடல்மேல் போக வேண்டும். சின்னவர்கள் முன்பக்கம் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் வெயில் விழும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"கமலா, ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லுங்க."

"டாக்டரம்மா மரமரப்பு இருக்குதான்னு கேட்டப்பல்லாம் நாந்தான் இல்லீன்னு சொன்னேன். மறந்துபோயில்ல. தெரிஞ்சேதான். ஊசிய நிறுத்திப்போடுவாங்க, கட்டி மறுக்கா வந்துருமுன்னு பயந்துட்டேன்."

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "நீங்க சொன்னப்ப நானும் அங்கதானுங்க உக்காந்திருந்தேன். எனக்கென்ன காதா கேக்காது?"

இத்தனை மாதமும் அதை ஒரு ரகசியமாக நினைத்துச் சுமந்துகொண்டிருந்தேன்.

"பின்ன ஏன் நீ சொல்லல?"

"எப்புடீங்க சொல்றது? இல்லீங்கன்னு நீங்க சொல்லி வாய் மூடல. இருக்குதுங்கன்னு நான் சொன்னா, அந்தம்மா உங்களைப் பத்தி என்ன நெனைக்கும்?"

படகின் இயந்திரம் தடதடத்தது. அவளே கேட்டாள். கோபமில்லை, அறிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"உங்க விரலா இருந்திருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன்."

"அதாங்க" என்றாள். "அடுத்த தடவை நான் மட்டும் உள்ள போறேன். நீங்க வெளிய உக்காருங்க."

அக்கரையில் இறங்கித் தே தாரிக் குடித்தோம். கோப்பைக்குக் கோப்பை உயரத் தூக்கி ஆற்றும் டீ. நம் ஊர் மாஸ்டர்களும் ஆற்றுவார்கள், இவ்வளவு உயரம் இல்லை. அன்று சாயங்காலம் மகளிடமும் உள்ளதைச் சொன்னேன். ஊர் வந்து சேரும்வரை அவள் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. விமானத்தில் எனக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

கோயமுத்தூரில் அடுத்த சுற்றுக்கான நாள். பெயரைக் கூப்பிட்டதும் பழக்கதோஷத்தில் நானும் எழுந்தேன். கமலவேணி திரும்பிப் பார்த்தாள். உட்கார்ந்தேன். கதவு சாத்தப்பட்டது.

பக்கத்தில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர். தாராபுரம் பக்கமாம். "யாருக்குங்க?" என்றார்.

"ஊட்டுக்காரிக்குங்க."

"அப்பறம் நீங்க ஏனுங்க வெளிய இருக்கறீங்க?"

"அவளே பேசிக்குவாளுங்க."

"அதுகளுக்கு என்னங்க பேசத் தெரியும்? உள்ள போங்க, உள்ள போங்க" என்று உரிமையோடு அதட்டினார். நான் போகவில்லை. உள்ளே அவள் குரல் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. அவ்வளவு நேரம் அவள் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஊசிய நிறுத்திடறாங்களாமுங்க. மிச்ச சுத்துக்கு மாத்திரை மட்டும். அது போதுமுன்னு டாக்டரம்மா சொல்லுச்சு."

"விரலு?"

"கொஞ்சங்கொஞ்சமா சரியாகலாமாம். ஆகாமயும் போகலாமாம்." தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "எப்ப இருந்து இப்புடின்னு கேட்டுச்சுங்க."

"என்ன சொன்னே?"

"இந்தத் தடவைதான்னு சொன்னேன்."

மூன்றாவது சுற்றிலிருந்து என்று சொன்னால், ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொன்னது யார் என்ற கேள்வி வரும். தன் விரலுக்காகத் தனியே பேசப்போன அறையிலும் அவள் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு வந்திருக்கிறாள். டாக்டருக்குக் கணக்குத் தப்பாகப் போயிருக்கிறது. மறுபடியும் என்னால்.

எழுந்து கதவு வரை போனேன். தட்டக் கையை உயர்த்தியவன், இறக்கிவிட்டுத் திரும்பி வந்தேன்.

"கமலா, உள்ள போய் உள்ளதச் சொல்லட்டுமா? உன்ற விரலு. நீ சரின்னாத்தான் போவேன்."

வெள்ளை வேட்டிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரீங்க" என்று எழுந்தாள். "நீங்க செஞ்சத நீங்க சொல்லுங்க. எனக்கு இருக்கறத நான் சொல்லிக்கறேன்."

கதவை அவள்தான் தட்டினாள்.